ஏலிக்குட்டி டீச்சர் சொன்ன சாட்சி

கோழஞ்சேரி
6 பிப்ரவரி 2023

பிரியமுள்ள தம்பி குஞ்ஞுமோனுக்கு,

நீ கடிதம் போட்டு எத்தனை மாதமாகிறது என்று நான் கணக்குப் பார்க்கப்போவதில்லை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவளுக்கு அது பெரிய வேலையில்லை, பார்த்தால் கோபம்தான் வரும். ஃபோனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் 'சுகமா' என்று கேட்டால் நீ 'ரப்பர் விலை மறுபடியும் விழுந்துருச்சு' என்கிறாய். வாட்ஸ்ஆப்பில் ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுவது எனக்கு வராது. ஆகவே நமக்குத் தபால்காரர்தான்.

இங்கே ஒரு புதுச் செய்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை இருந்த மாடியில், ஒரு கட்டில் சென்டர் திறந்திருக்கிறார்கள். வரிசையாகக் கட்டில்கள். படுத்தால் முதுகுக்கு அடியில் சூடான கற்கள் கழுத்திலிருந்து இடுப்பு வரை உருண்டு போகும். காசு கிடையாது. தினமும் வந்து படுக்கலாம், பிடித்திருந்தால் ஒரு கட்டிலை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நடத்துகிற பெண் பெயர் ரேஷ்மா. எல்லோரையும் அம்மச்சி, அப்பச்சா என்று பாட்டி தாத்தா முறை வைத்துக் கூப்பிடுவாள். என்னை மட்டும் டீச்சரம்மச்சி.

சிரிக்காதே. இந்தப் பஞ்சாயத்தில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறோம். எல்லோருடைய பிள்ளைகளும் அமெரிக்காவிலோ மஸ்கட்டிலோ. அவரவர் கட்டிக்கொடுத்த மாடி வீட்டில் அவரவர் பெற்றோர் காவல் இருக்கிறோம். இதற்கு முன்னால் என் காலை நேரம் எப்படிப் போகும் தெரியுமா? பேப்பரில் மரணச் செய்திப் பக்கத்தை எடுத்துத் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகு மத்தியானம் வரை ஒன்றுமில்லை. மாடியில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கீழே வந்து உட்காருவேன், மேலே யாரோ இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வரட்டும் என்று. இப்போது எனக்கு ஒன்பது மணிக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. பக்கத்துக் கட்டில் ரேச்சலம்மா முதல் நாளே தன் மருமகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கல் உருண்டு முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பாடுவோம். பிறகு யாராவது ஒருவர் எழுந்து, தனக்கு என்ன குணமாயிற்று என்று சாட்சி சொல்வார். நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் சொல்வோமே, அதே மாதிரிதான். எல்லோரும் கை தட்டுவோம்.

உன் வீட்டுக்காரி சோசாம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஊசியை ஒழுங்காகப் போடுகிறாளா? அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்து இரு. அறைகளெல்லாம் சும்மா கிடக்கின்றன.

உன் கொச்சம்மா
ஏலிக்குட்டி


மண்ணார்க்காடு
3 மார்ச் 2023

அன்புள்ள கொச்சம்மாவுக்கு,

அக்கா, உங்கள் கடிதம் கிடைத்தது. நான் ஓசியில் எதிலும் படுக்கிறவன் இல்லை. ஓசியில் படுக்க வைக்கிறவன் பின்னால் எதையோ உருவப்போகிறான் என்பது என் எண்ணம். ஆனால் சோசாம்மா உங்கள் கடிதத்தை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். அதே கம்பெனி இங்கேயும் ஜவுளிக்கடை மாடியில் கடை திறந்திருக்கிறது என்று யாரிடமோ கேட்டறிந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

போன இடத்தில் சுவரில் பெரிய டிவி. அதில் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஏலிக்குட்டி டீச்சர். பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை. கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கீழே ஓடிய எழுத்தைத்தான் படித்தேன். சர்க்கரை முழுக்கப் போய்விட்டது, மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாயிற்று, டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்று எழுதியிருந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். சோசாம்மாவும் தட்டினாள். 'என் நாத்தனாருங்க இவங்க' என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். ஒரே மணி நேரத்தில் அவளுக்கு அங்கே பெரிய மரியாதை வந்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். ரேச்சலம்மாவின் மருமகள் வரைக்கும் எனக்கு எழுதிய நீங்கள், சர்க்கரை போன கதையை ஏன் எழுதவில்லை? அது நிஜமா?

தம்பி
குஞ்ஞுமோன்


கோழஞ்சேரி
15 மார்ச் 2023

பிரியமுள்ள குஞ்ஞுமோனுக்கு,

அந்தப் படத்தை மண்ணார்க்காடு வரைக்கும் கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியாது. ரேஷ்மா ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டாள். நம் சென்டர் ஞாபகத்துக்கு என்றாள்.

போன வாரம் என் பிறந்தநாள். ஹூஸ்டனில் இருக்கும் பெரியவனுக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது. சென்டரில் கேக் வெட்டினார்கள். பட்டாளத்தில் இருந்த மத்தாயிச்சன் பாடினார், சகிக்கவில்லை, ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரேச்சலம்மா வீட்டிலிருந்து வட்டையப்பம் அவித்துக்கொண்டு வந்திருந்தாள்.

நீ கேட்டதற்குப் பதில். உடம்பு முன்னைக்கு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. சாட்சி சொல்லும்போது ஒரு வார்த்தை முன்னே பின்னே வரத்தான் செய்யும். ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் போட்டு நிறுக்கிற குணம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சோசாம்மா என் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டாள் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு என்னைக் கண்டால் பயம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

உன் கொச்சம்மா


பெரிந்தல்மண்ணை, ஆஸ்பத்திரி
14 ஏப்ரல் 2023

கொச்சம்மாவுக்கு,

சோசாம்மா இங்கே படுத்திருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின நாள் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். வலது பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது, எனக்குக் காட்டாமல் சாக்ஸ் போட்டு மறைத்திருக்கிறாள். குளிருக்கு என்றாள். இந்த வெயிலில் என்ன குளிர் என்று கேட்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இல்லாமல் போய்விட்டது.

ஊசியை நிறுத்தியிருக்கிறாள். உங்களை டிவியில் பார்த்துவிட்டு வந்த வாரத்திலிருந்தே. தினமும் ஊசியைப் பிரித்து மருந்தைக் கழிவறையில் பீச்சிவிட்டு, காலி ஊசியை என் கண்ணில் படும்படி குப்பையில் போட்டிருக்கிறாள். டாக்டர் கத்தியபோது அவள் சொன்ன பதில் இதுதான்: 'ஏலிக்குட்டி கொச்சம்மா பொய் சொல்ல மாட்டாங்க டாக்டர். அவங்க டீச்சர்.' அந்த டாக்டருக்கு யார் ஏலிக்குட்டி என்று நான் எப்படிச் சொல்லி விளங்க வைப்பேன்?

கம்பெனிக்காரன் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அவள் அவ்வளவு ஏமாளி இல்லை. உங்களை நம்பினாள்.

கலெக்டர் அலுவலகத்தில் நுகர்வோர் புகார்களைப் பார்க்க ஓர் அதிகாரி இருக்கிறாராம். பொய் விளம்பரம் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாமாம். அக்ஷயா இ-சேவை மையத்தில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றாள். ஆனால் அந்த விளம்பரமே நீங்கள்தான். உங்கள் பெயரை எழுதாமல் எப்படி எழுதுவது? எனவே நேராகக் கேட்கிறேன். நீங்கள் மாத்திரையை நிறுத்தினீர்களா, இல்லையா?

குஞ்ஞுமோன்


கோழஞ்சேரி
20 ஏப்ரல் 2023

குஞ்ஞுமோன்,

நிறுத்தவில்லை. காலையிலும் ராத்திரியும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சர்க்கரை முன்னால் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருக்கிறது. எந்த டாக்டரும் ஆச்சரியப்படவில்லை.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். மற்றவர்கள் எல்லாம் சாட்சி சொல்லிவிட்டார்கள். நான்தான் பாக்கி. ரேஷ்மா தினமும் வந்து, 'டீச்சரம்மச்சிக்கு இன்னும் ஒண்ணும் ஆகலையா?' என்று கவலையாகக் கேட்பாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நம் கூட்டங்களில் எழுந்தவர் வெறும் வாயோடு உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? கர்த்தர் என் தலைவலியைப் போக்கினார் என்று சொன்னவரிடம் எந்தத் தலைவலி என்று யாராவது கேட்டதுண்டா? கேட்கிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வோம், கேட்கிறவர்களும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அப்படித்தான் எழுந்தேன். முட்டி வலி குறைந்தது என்று ஆரம்பித்தேன். யாரும் அசையவில்லை. சர்க்கரை என்றதும் நிமிர்ந்தார்கள். பிறகு வாய் தானாகப் போய்விட்டது. கை தட்டிய சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருந்தது. அன்று ரேடியோவைப் போடவில்லை.

சோசாம்மா கழித்துக்கொள்ள மாட்டாள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் கேட்பது வெட்கங்கெட்ட கேள்வி என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். என் பெயரைப் புகாரில் எழுதாதே. எழுதினால் இந்த இடத்தை மூடிவிடுவார்கள். மூடினால் நான் மறுபடியும் மரணப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது முழுசாக மூன்று நாள் ஒருவரும் கேட் திறக்கவில்லை. இப்போது ஒரு நாள் போகாவிட்டால் ரேச்சலம்மா வாசலில் வந்து நிற்கிறாள். அது பொய்க் கட்டில்தான், ஒத்துக்கொள்கிறேன். ரேச்சலம்மா பொய் இல்லை.

சோசாம்மாவைப் பார்க்க வரட்டுமா?

கொச்சம்மா


மண்ணார்க்காடு
8 மே 2023

கொச்சம்மாவுக்கு,

வர வேண்டாம். சோசாம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் வந்து நின்றால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் பெயர் இல்லாமலே புகார் கொடுத்தேன். உங்களுக்காக இல்லை, நம்மைப் பெற்ற அப்பச்சன் பெயர் ஒரு பொய்யோடு சேர்ந்து அதில் வரக்கூடாது என்பதற்காக. அதிகாரி வந்தார், நல்ல மனிதர். கடையில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்து அவரைத் திட்டி அனுப்பிவிட்டார்கள். 'எங்க பிள்ளைங்களே எங்களைப் பாக்க வர்றதில்ல, பாக்குற பொண்ணையும் விரட்ட வந்துட்டீங்களா?' என்று ஒரு கிழவி அவர் சட்டையைப் பிடித்தாளாம். மருந்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அது நிஜம்தான், அவர்கள் சொல்லவில்லை. டிவியில் இருப்பவர் தன் அனுபவத்தைத் தானே விரும்பிச் சொன்னார் என்று உங்கள் கையெழுத்தையும் காட்டினார்கள்.

அதிகாரி என்னிடம் தாளில் எழுதிக் காட்டினார்: 'அந்த டீச்சரே வந்து நான் சொன்னது நிஜமில்லைன்னு சொன்னாத்தான் மேல போக முடியும்.' படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உங்களிடம் இரண்டாம் முறை கேட்கமாட்டேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றிருந்தேன். பக்கத்தில் படுத்தபடியே சோசாம்மா, 'கொச்சம்மாவைத் திட்டி எழுதாதீங்க, அவங்க அங்க ஒத்தையா இருக்காங்க' என்று கை ஜாடையோடு சத்தமாகச் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

குஞ்ஞுமோன்


கோழஞ்சேரி
27 மே 2023

பிரியமுள்ள குஞ்ஞுமோனுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்த பிறகு சென்டருக்குப் போய்ப் படுக்க முடியவில்லை. போனேன், படுத்தேன், கல் உருண்டது, எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாட்சி நேரத்தில் நானாகவே எழுந்தேன். ரேஷ்மா சந்தோஷமாக ஃபோனைத் தூக்கினாள். 'நான் சர்க்கரை மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தலை. எனக்கு ஒண்ணும் குணமாகலை. அன்னைக்கு உங்க முன்னாடி சொன்னது பொய்' என்றேன். கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள், குஞ்ஞுமோன். எழுந்தவர் பேசி முடித்தால் தட்ட வேண்டும், அவ்வளவுதான் பழக்கம். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற குரலில் மறுபடியும் சொன்னேன். என் தம்பி மனைவி என்னை நம்பி ஊசியை நிறுத்தினாள், அவள் காலில் இரண்டு விரல் போய்விட்டது என்றும் சொன்னேன். இந்த முறை யாரும் தட்டவில்லை. ரேஷ்மா ஃபோனை இறக்கிவிட்டாள்.

மத்தாயிச்சன் கைத்தடியை ஊன்றி எழுந்து, 'டீச்சருக்குக் குணமாகலைன்னா அது டீச்சரோட விசுவாசக் குறை. எனக்கு முட்டி சுத்தமா சரியாயிருச்சு' என்றார். சொல்லிவிட்டு உட்கார அவருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். ரேச்சலம்மா மட்டும் என் முழங்கையைப் பிடித்து, 'இதை மூட வச்சிருவீங்களா?' என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கையை விலக்கிவிட்டு மாடிப்படி இறங்கினேன்.

திங்கட்கிழமை பத்தனம்திட்டைக்குப் பஸ் ஏறினேன். கலெக்டர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி சின்னப் பெண், என் கடைசி மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, 'இப்படிப் பேசுங்கன்னு அவங்க சொல்லிக் குடுத்தாங்களா டீச்சர்?' என்றாள். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாரம் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்திருக்கும். அதற்கு வாய் திறக்கத்தான் செய்தேன்.

'இல்ல மோளே. நானாத்தான் சொன்னேன். அவங்க ஒண்ணுதான் பண்ணினாங்க. சொன்னவங்களுக்குக் கை தட்டினாங்க. சொல்லாதவங்களை, இன்னும் ஒண்ணும் ஆகலையான்னு தினம் கேட்டாங்க.'

அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். 'அதுதான் டீச்சர் அவங்க வியாபாரமே. பொய்யை அவங்க சொல்ல மாட்டாங்க. உங்களைச் சொல்ல வச்சு, ஊர் ஊராப் போட்டுக் காட்டுவாங்க. நீங்க இப்ப சொன்ன மாதிரியே எழுதிக்கறேன்.'

எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். உன் பெயரும் சோசாம்மா பெயரும் இருக்கின்றன, அப்பச்சன் பெயரும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. தகப்பன் பெயர் என்ற இடத்தில் வேறு யார் பெயரை எழுதுவேன்?

உன் கொச்சம்மா


மண்ணார்க்காடு
19 ஜூன் 2023

அன்புள்ள கொச்சம்மாவுக்கு,

இங்கே ஜவுளிக்கடை மாடியில் பூட்டு. நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். டிவியில் உங்கள் படத்தை எங்கும் காட்டக்கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறதாம், பேப்பரிலும் சின்னதாகப் போட்டிருந்தது. சோசாம்மா அதை வெட்டி வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறாள். ஊசி இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். கை நடுங்குகிறது என்று கேலி செய்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நடக்கிறாள்.

நான் கடுமையாக எழுதிவிட்டேன். கடுமையாக எழுதாமல் இருந்திருக்கவும் முடியாது. இரண்டும் நிஜம்.

மழைக்கு ரப்பர் வெட்டு இல்லை, சும்மாதான் இருக்கிறேன். நீங்கள் வாருங்கள். ஒரு வாரத்துக்கு என்று இல்லை, இருக்கிறவரை இருங்கள் என்று சோசாம்மா சொல்லச் சொன்னாள். நானும் அதையே சொல்கிறேன். உங்களோடு பேச முடியாது, கத்தத்தான் முடியும். பரவாயில்லையென்றால் வாருங்கள்.

குஞ்ஞுமோன்


கோழஞ்சேரி
16 ஜூலை 2023

பிரியமுள்ள குஞ்ஞுமோனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பெட்டியைக் கீழே இறக்கினேன். புடவைகளையும் அடுக்கிவிட்டேன். பிறகு ஒரு காரியம் நடந்தது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கேயும் சென்டரை மூடிவிட்டார்கள். அதன் பிறகு சர்ச்சில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. பாதிரியார் அச்சன் ஜெபம் முடித்ததும் எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்களே, அப்போது என் கை மட்டும் சும்மா இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு வாரத்துக்குள், அதே தெருவில், தண்ணீர் மெஷின் விற்கிற வேறொரு கம்பெனி வந்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகம் புதிதாகுமாம். ரேஷ்மாவைப் போலவே இனிமையாகப் பேசுகிற வேறொரு பெண். அதே நாற்காலிகள், அதே பாட்டு. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ரேச்சலம்மா என் கேட்டுக்கு வந்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. 'டீச்சர், அங்க வாங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா வந்து உக்காருங்க. மாத்திரையை நான் நிறுத்தலை, சத்தியமா. யாரும் நிறுத்தலை. பக்கத்துல நீங்க இல்லாம எனக்கு அங்க நல்லாவே இல்லை' என்றாள். எனக்குப் போக வேண்டும் போலிருந்தது. குடையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன் என்பதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

'மத்தாயிச்சன் மாத்திரை சாப்பிடறாரா?' என்று கேட்டேன். 'அவரை விடுங்க டீச்சர்' என்று பேச்சை மாற்றப் பார்த்தாள். அவருடைய சிறுநீரகம் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை மறுபடியும் பத்தனம்திட்டைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் இதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் நான் இருக்க வேண்டும். ஆகவே இப்போது வர முடியாது. பெட்டி கூடத்திலேயே இருக்கட்டும், அது முடிந்ததும் வருகிறேன். சோசாம்மாவிடம் சொல்.

வியாழக்கிழமை அதிகாரிகள் வந்து அந்தக் கடையில் விசாரித்தார்கள் போலிருக்கிறது. சாயங்காலமே ரேச்சலம்மா வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. 'டீச்சர் படிச்சவங்க. உங்களுக்குத் தனியா இருக்க முடியும். எங்களால முடியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நடந்துகொண்டிருந்தாள். எனக்கு மட்டும் முடிகிறது என்று அவளுக்கு யார் சொன்னது, குஞ்ஞுமோன்?

உன் கொச்சம்மா
ஏலிக்குட்டி